இரவல் கறவை

இரண்டு இடம் தட்டிப்போன பிறகுதான் என் நாத்தனார் பாக்கியமேரிக்கு அந்த யோசனை வந்தது. அவள் தர்மபுரி டவுனில் குடியிருப்பவள். புருஷன் பஸ் கண்டக்டர். டவுனில் நாலு வருஷம் இருந்துவிட்டால் காட்டில் இருப்பவர்களுக்கு மூளை கிடையாது என்று நினைப்பு வந்துவிடும் போலிருக்கிறது. ஆனாலும் அண்ணன் மகன் மேல் அவளுக்கு உயிர். அதனால் அவள் பேச்சை நானும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன்.

எங்கள் காரிமங்கலம் பக்கத்தில் சம்பந்தம் பேசினால், பெண்ணைப் பிடித்தது, பையனைப் பிடித்தது என்பதோடு தீராது. பெண் வீட்டார் ஒரு நாள் பையன் வீட்டுக்கு வருவார்கள். வூடு பார்க்கிறது என்று அதற்குப் பெயர். எங்களைப் போன்ற வேதக்காரர்களானாலும் சரி, இந்துக் குடியானவர்களானாலும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. வந்தவர்கள் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். மாட்டைப் பார்ப்பார்கள். ராகி கொட்டி வைக்கிற தொம்பையை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் மனசுக்கு ஒத்து வந்தால் கை நனைப்பார்கள். அதாவது கைகழுவிக்கொண்டு நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி. பிடிக்கவில்லையென்றால் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, இன்னொரு நாள் வந்து நிதானமா சாப்பிடறோம் என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வரவே வராது.

இரண்டு கூட்டம் எங்கள் வீட்டிலிருந்து அப்படி எழுந்து போயிற்று. இரண்டு தடவையும் அவர்களுக்காக அடித்த கோழியை நாங்களே தின்றோம். கோழிக் குழம்பு கசக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

எதைப் பார்த்து எழுந்து போனார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டு வடக்குச் சுவர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளி நிற்கும். மாடு ஒன்றே ஒன்று. அதற்கும் ஒரு கொம்பு பாதியில் ஒடிந்தது. ஒத்தக்கொம்பன் என்று கூப்பிடுவோம். கீழக்காட்டு மாதுவிடமும் ஒற்றை மாடுதான் இருந்தது. இரண்டையும் ஜோடி கட்டி அவன் காட்டை ஒரு நாள், எங்கள் காட்டை ஒரு நாள் உழுவோம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கடைசியில் என் புருஷன் சவரியின் இடது பக்கம் அவர்கள் கண் போகும். அங்கே மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் கிடையாது.

அந்தக் கை கிணற்றில் போனது. தர்மபுரி தனி ஜில்லாவான வருஷம் நாங்கள் கிணறு வெட்டினோம். பாறைக்கு வந்ததும் குழி போட்டு வெடி வைத்தோம். வைத்ததில் ஒன்று வெடிக்காமல் சும்மா கிடந்தது. அது நமுத்துவிட்டது என்று நினைத்து இவர் இறங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏறிக்கொண்டிருந்தார். விளிம்பில் கை வைத்து ஏறுகிற நேரத்தில் அது வெடித்தது. கிளம்பிய கல் நேராக அந்தக் கை மேல் வந்து விழுந்தது. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார். ஆள் பிழைத்துத் திரும்பி வந்தபோது, கடைசியாக வெடித்த அந்தக் குழியில் ஊற்று திறந்து கிணற்றில் இடுப்பளவு தண்ணீர் நின்றது.

அந்தத் தண்ணீரை ஒரு வருஷம் நான் வாயில் வைக்கவில்லை. ஊர்க் கிணற்றுக்குப் போய்ச் சுமந்து வந்தேன். பிறகு இடுப்பு வலித்தது, குடிக்க ஆரம்பித்தேன். குடித்தேனே தவிர நன்றி சொல்லவில்லை. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் என் புருஷன் தன் சொந்த வார்த்தையில் இரண்டு வேண்டுதல் சொல்வார். "ஆண்டவரே, இருக்கற கைக்கு நன்றி" என்பார். நானும் என் மகன் அருள்சாமியும் ஆமென் என்போம். "கெணத்துத் தண்ணிக்கு நன்றி" என்பார். அருள்சாமி மட்டும் ஆமென் என்பான். நான் வாயை மூடிக்கொள்வேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார். கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அடுத்த ஜெபத்துக்குப் போய்விடுவார். வருஷக்கணக்காக இது நடந்தது.

இந்த நிலைமையில்தான் மூன்றாவது இடம் வந்தது. இண்டூர் பக்கத்துப் பெண், பெயர் புஷ்பமேரி. கோயில் திருவிழாவில் தேருக்குப் பின்னால் நடந்துபோன பெண்ணை அருள்சாமி பார்த்திருக்கிறான். அவளும் பார்த்திருக்கிறாள். அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை. தகப்பன் இல்லாத பெண். தாய் ரோசம்மாள் தன் புருஷனின் அண்ணன் பிலவேந்திரனுடைய ஆதரவில் இருந்தாள். வூடு பார்க்க அந்த இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அருள்சாமி தன் அப்பாவிடம் தனியாகப் பேசியிருக்கிறான். இந்த இடமும் தட்டிப்போனால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவேன், மூன்றாவது தடவையும் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்று சொல்லியிருக்கிறான். ராத்திரி சாப்பிடும்போது அவர் இதை என்னிடம் சொன்னார். நான் களித் தட்டைத் தள்ளி வைத்தேன். ஒற்றைக் கையும் ஒற்றை மாடும் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் எத்தனை நாள் உழுதுவிட முடியும்? அவன் போனால் காடு தரிசாகும். அதைவிட, ஒரே பிள்ளை தகப்பன் கையை நினைத்து வெட்கப்பட்டு ஊரைவிட்டுப் போனான் என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

இங்கேதான் பாக்கியமேரியின் யோசனை உள்ளே வந்தது. மேற்கு வீட்டு நஞ்சப்பன் எங்களுக்கு வேண்டியவர். அவரிடம் ஒரு ஜோடி ஆலம்பாடி எருதும் ஒரு கறவை மாடும் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மூன்றையும் எங்கள் வாசலில் கட்டவேண்டும். அவர் மனைவியிடம் பித்தளை அண்டா, குடம் வாங்கி அடுக்கவேண்டும். தொம்பையில் பாதிக்குமேல் ராகி இல்லை. அடியில் உமியைக் கொட்டி, மேலே ராகியைப் பரப்பவேண்டும். ஒத்தக்கொம்பனை ஓடைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் கட்டிவிடவேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, பையிலிருந்து தன் புருஷனுடைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். இடது கை மேல் ஒரு துண்டையும் மடித்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி, அந்தக் கதையாக இருக்கிறது என்று நான் குதித்தேன்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க அண்ணி. நாம நாலுதான சொல்றோம்" என்றாள் பாக்கியமேரி.

மாட்டைக் கட்டு, அண்டாவை அடுக்கு, அந்தத் துண்டு மட்டும் வேண்டாம் என்றேன். என் புருஷன் என்னைப் பார்த்தார். பையனுக்காக ஒரு நாள்தானே என்றார். கோபப்பட்டிருந்தால் நானும் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைப் போட்டுப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து என் வாய் அடைத்துவிட்டது.

நஞ்சப்பன் கேட்டதும் கொடுத்தார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. என் புருஷனே போய் மாடுகளை ஓட்டி வந்தார். கறவைக்கு இளங்கன்று ஒன்று இருந்தது. கன்றையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடப்பவர். ஆனால் எருதைக் கேட்டு, கறவையைக் கேட்டு, அண்டாவைக் கேட்டு, கன்றையும் கொடுங்கள் என்று கேட்க நாக்குக் கூசியிருக்கிறது. பகலில் பெண் வீட்டார் வந்து போய்விடுவார்கள், பால் கறக்கிற நேரத்துக்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டார். கடன் கேட்பதற்குக்கூட ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். எங்கள் வீட்டில் அது யாருக்கும் கிடையாது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். வருகிறவர்களுக்கு நெல்லுச் சோறு, எங்களுக்கு வழக்கம்போல் களி. உச்சி வெயிலில் வரவேண்டியவர்கள் வரவில்லை. பஸ் வழியில் நின்றுவிட்டதாம். வேறு பஸ் பிடித்துக் காரிமங்கலத்தில் இறங்கி நடந்து வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சோறு ஆறிப்போயிருந்தது. கறவை மாடு அப்போதே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றது. அடுப்படியில் இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

பிலவேந்திரன் நல்ல உயரம். வெள்ளை வேட்டி, கையில் குடை. கண் மட்டும் சந்தையில் மாடு வாங்க வந்தவர் கண் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ரோசம்மாள் மெலிந்த பெண். கையில் நாலு தங்க வளையல் போட்டிருந்தாள். அவை மணிக்கட்டில் நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தன. அடிக்கடி முழங்கைப் பக்கம் தள்ளி விட்டுக்கொண்டாள். சரி, வசதியான இடம்தான், நாம் செய்த வேஷம் வீண் போகாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்கு என்னையே பிடிக்கவில்லை.

மோர் கொடுத்தேன். மோர் மட்டும் வாங்கிக் குடித்தார்கள். மோருக்குக் கணக்குக் கிடையாது. வழிப்போக்கனுக்கும் கொடுப்பதுதான். பிறகு பிலவேந்திரன் எழுந்து சுற்றிப் பார்த்தார். எருது ஜோடியின் திமிலைத் தடவிப் பார்த்தார். தொம்பையைத் தட்டினார். மேலே கையைவிட்டு ராகியை அள்ளிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் எருக்குழிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். பாக்கியமேரி கூடவே நடந்து எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் புருஷன் இடது கை மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அது நழுவாமல் வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கை இல்லாத மனிதரை இரண்டு கையும் இல்லாதவராக்கி நிறுத்தியிருந்தோம்.

இலை போடட்டுமா என்று கேட்டேன். இருங்கம்மா, பேசிக்கலாம் என்றார் பிலவேந்திரன். அருள்சாமி கதவோரம் நின்றிருந்தான். அவன் முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் மேற்கு வீட்டிலிருந்து கன்று கத்தியது.

இந்தப் பக்கம் கறவை பதில் கத்தியது. மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கன்று இன்னொரு தரம் கத்தியதும், கழுத்தை ஒரு வெட்டு வெட்டி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. பித்தளை அண்டா உருண்டது. குடம் உருண்டது. வாலைத் தூக்கிக்கொண்டு நஞ்சப்பன் வீட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். அது போவதைப் பார்த்த எருதுகளும் நமக்கு இங்கே என்ன வேலை என்கிற மாதிரி கயிற்றை இழுக்க ஆரம்பித்தன.

"கறவை எங்கம்மா போவுது?" என்றார் பிலவேந்திரன்.

"மேய்ச்சலுக்குங்க" என்றாள் பாக்கியமேரி.

"பொழுது எறங்கற நேரத்துல மேய்ச்சலுக்கா?"

டவுன் மூளை அதற்கு மேல் ஓடவில்லை. இது போதாதென்று ஓடைப் பக்கம் கட்டியிருந்த ஒத்தக்கொம்பன், தண்ணீர் காட்டுகிற நேரம் தப்பிவிட்டதே என்று கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நேராகத் தன் இடத்துக்குப் போனான். அங்கே இரண்டு பெரிய எருது நிற்பதைப் பார்த்து, இருக்கிற ஒரு கொம்பை ஆட்டி முட்டப் போனான். யார் வீட்டு மாடு எது என்று இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு விளங்கச் சொல்ல முடியாது.

என் புருஷன் தலை குனிந்து நின்றார். நாங்கள் பட்ட கஷ்டத்தில் எதற்கும் அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. கை போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட என்னைப் பார்த்து, ஒழவு நின்னு போச்சா என்றுதான் கேட்டார். அந்த மனிதர் ஒரு கறவை மாட்டால் தலை குனிந்து நின்றார். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. நேராகப் போய் அவர் கை மேலிருந்த துண்டை உருவினேன். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டேன். பாக்கியமேரி அண்ணி அண்ணி என்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேரையும் பார்த்து, வாங்க, வீட்டைக் காட்டுகிறேன் என்றேன். இதுவரை பார்த்தது எங்கள் வீடு இல்லை.

முதலில் தொம்பைக்குக் கூட்டிப்போனேன். கையை ஆழமாக விட்டு அடியிலிருந்த உமியை அள்ளிக் காட்டினேன். இந்த உமி எங்களுடையது, மேலே இருக்கிற ராகியும் எங்களுடையது, அடுத்த அறுப்பு வரைக்கும் எங்களுக்குப் போதும், அதற்கு மேல் ஒரு படி இருக்காது என்றேன். வடக்குச் சுவரைக் காட்டினேன். கட்டியதிலிருந்து இப்படித்தான் நிற்கிறது, இத்தனை மழைக்கும் விழவில்லை என்றேன். ஒத்தக்கொம்பனைக் காட்டினேன். இதற்கு ஜோடி மாதுவின் வீட்டில் இருக்கிறது, இரண்டு குடும்பமும் சண்டை போட்டால் இரண்டு குடும்பத்துக்கும் ஏர் கிடையாது, அதனால் நாங்கள் சண்டை போடுவதில்லை என்றேன். ரோசம்மாள் அதற்கு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

பிலவேந்திரன் சிரிக்கவில்லை. "எருக்குழியப் பார்த்தப்பவே எனக்குத் தெரியுங்க. மூணு மாடு கட்டற வூட்டுல ஒத்த மாட்டுச் சாணிதான் கெடக்குது. மாட்ட எரவல் வாங்கலாம், எருவ வாங்க முடியுமா?" என்றார். பிறகு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இல்லாததுக்கு நான் ஒண்ணும் சொல்லலீங்க. பொய் சொல்ற வூட்டுல எப்பிடிங்க பொண்ணு குடுக்கறது?"

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்று வாய்விட்டே சொன்னேன். பொய் எங்களுடையதுதான், அதை இரவல் வாங்கவில்லை என்றேன். ஆனால் இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது, அதையும் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போங்கள் என்று சொல்லிக் கிணற்றடிக்கு நடந்தேன். என்ன நினைத்தார்களோ, பின்னாலேயே வந்தார்கள். என் புருஷனும் வந்தார். அருள்சாமியும் வந்தான்.

கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அடியில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது.

"ரொம்பக் கொஞ்சமா இருக்குதே" என்றார் பிலவேந்திரன்.

என் புருஷனின் இடது கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினேன். அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

"கொஞ்சந்தாங்க. மாட்டக் கட்டிக் கவலை ஏத்தம் ஓட்டித் தண்ணி எறச்சா வெயில் ஏறறதுக்குள்ள தரை தெரியும். மக்யா நாள் விடியறப்ப மறுபடி ஊறியிருக்கும். ஒரு நாளும் ஏமாத்துனதில்லீங்க. மழையில்லாத வருசம் நஞ்சப்பன் வூட்டுக் கெணறு, எங்குளுதப்போல ரெண்டு பங்கு ஆழம், அது வத்திப்போச்சு. அவுங்க மாடு கன்னு பூராவும் இங்கதான் தண்ணி குடிச்சுது. ஊரே கொடத்த எடுத்துக்கிட்டு வந்துச்சு. யாரையும் நாங்க திருப்பி அனுப்பலீங்க. இந்தக் கை போன வெடியிலதான் இந்த ஊத்து தெறந்துச்சு. இந்தக் கையத்தான் இன்னிக்குத் துண்டு போட்டு மூடி வெச்சோம். அதுதாங்க நாங்க பண்ணுன பெரிய பொய். எங்க வூட்ல இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. இதுக்குக் கொறச்சலும் ஒண்ணும் இல்லீங்க."

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அழுகை இல்லை, கோபமும் இல்லை. பெருமைதான். வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அந்தக் கிணற்றோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவள் நான். அதைப் பற்றி வெளியாள் ஒருவர் கொஞ்சம் என்று சொன்னதும், பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி பொங்கிவிட்டேன். என் புருஷன் என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தபடி நின்றார்.

பிலவேந்திரன் குடையைத் தரையில் ஊன்றி வானத்தைப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார்.

அருள்சாமி கண்ணை மூடிக்கொண்டான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் மனசில்லை. பெங்களூருக்குப் போகிற பிள்ளை தகப்பன் கை என்ன செய்தது என்று தெரிந்துகொண்டாவது போகட்டும் என்று நினைத்தேன்.

ரோசம்மாள் நகரவில்லை. இதுவரை நாலு வார்த்தைகூடச் சேர்ந்தாற்போல் பேசாத பெண் அவள். கைகள் இரண்டையும் முன்னால் கொண்டுவந்து, வழிந்து கிடந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கழற்றுவதற்கு ஒரு சிரமமும் இல்லை, தானாக விழுந்தன. நாலையும் பிலவேந்திரன் முன்னால் நீட்டினாள்.

"இது அக்கா வளையல், மாமா. நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். அக்கா என்றது பிலவேந்திரனின் மனைவியை. "நானா கேட்டுப் போட்டுக்கிட்டு வந்தேன்? மொட்டைக் கையோட போனா மரியாதையில்லன்னு நீங்கதான் போடச் சொன்னீங்க. அவுங்க தொம்பைல உமி, நம்ம கைல இது. என்ன வித்தியாசம், சொல்லுங்க."

பிலவேந்திரன் முகத்தில் ஈயாடவில்லை. சந்தைக் கண்ணெல்லாம் எங்கே போயிற்றோ. வளையலை வாங்கி மடியில் முடிந்துகொண்டார். முடிந்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

ரோசம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, என் மக படிக்கல. கோவக்காரி. அவ அப்பா போனதுக்கப்புறம் எங்குளுக்குன்னு ஒரு வூடு கெடையாது, மாமா வூட்லதான் இருக்கறோம். ஒரு கையில்லாத மனுசனுக்கு இப்பிடிப் பேசற பொண்டாட்டி இருக்கற வூடு எனக்குப் போதும்" என்றாள். கோபக்காரி என்று சொன்னதைக் கேட்டு அருள்சாமி சிரித்துவிட்டான். எங்கள் வீட்டுக்கு இன்னொரு கோபக்காரியா என்று பாக்கியமேரி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அதைக் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிறகு ரோசம்மாள் தன் வெறும் கைகளை என் புருஷன் முன்னால் நீட்டினாள்.

"தண்ணி ஊத்துங்கண்ணா. கை நனைச்சுக்கறோம்."

என் புருஷன் ஒற்றைக் கையால் தண்ணீர் சேந்துவதைப் பார்க்கவேண்டும். கயிற்றை வலது கையால் ஒரு இழுப்பு இழுத்து, இழுத்த கயிற்றைக் கால் விரலில் மிதித்துக்கொள்வார். மிதித்துக்கொண்டு அடுத்த இழுப்பு. குடம் மேலே வந்ததும் இடது மணிக்கட்டை அடியில் கொடுத்து ஏந்திக்கொள்வார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பாவம் என்றவர்களும் உண்டு. அன்று அவர் கிணற்று மேட்டில் ஏறி, மடித்துவிட்ட சட்டையோடு, எல்லார் முன்னாலும் தண்ணீர் சேந்தினார். குடத்தை மணிக்கட்டில் ஏந்தி ரோசம்மாள் கையில் ஊற்றினார். ஒரு சொட்டு வீணாகவில்லை. ராஜா மாதிரி இருந்தார். என் புருஷன் என்பதற்காகச் சொல்லவில்லை.

பிலவேந்திரன் கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். அப்புறம் குடையை அருள்சாமியிடம் கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டினார். கை கழுவிவிட்டு, ஒரு வாய் குடிக்கவும் கேட்டார். குடித்துவிட்டு, ருசியான தண்ணிதான் என்றார். அது பின்னே எப்படி இருக்கும் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. சம்பந்தி ஆகிவிட்டாரே என்று அடக்கிக்கொண்டேன்.

நெல்லுச் சோறு ஆறி விறைத்துக் கிடந்தது. ரோசம்மாள் அதைத் தள்ளிவிட்டு, எங்களுக்கு என்று கிண்டி வைத்திருந்த களியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கோழிக் குழம்பு அன்றைக்குக் கசக்கவில்லை. நஞ்சப்பன் மாடுகளைத் தேடிக்கொண்டு வந்தவர், விஷயம் கேட்டுச் சிரித்து, பந்தியில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். கன்னையும் கேட்டிருந்தா குடுத்திருப்பனே சவரி, கூச்சம் எதுக்கு என்றார். என் புருஷன் அதற்கும் கூச்சப்பட்டார்.

விருந்தாளிகளைக் கடைசி பஸ்ஸுக்கு அருள்சாமி கூட்டிப்போனான். தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. கல்யாணத்துக்கு என் புருஷன் அரைக்கைச் சட்டைதான் தைத்துப் போட்டுக்கொண்டார். பாக்கியமேரியின் புருஷன் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். புஷ்பமேரி வந்து சேர்ந்த பிறகு எனக்கும் அவளுக்கும் நடந்த யுத்தங்களைத் தனியாகத்தான் சொல்லவேண்டும். காடு தரிசாகவில்லை, அது போதும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

அருள்சாமி பஸ் ஏற்றிவிட்டு வந்து சேர்ந்ததும் விளக்கேற்றி மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டோம். ஜெபமாலை முடிந்தது. என் புருஷன் வழக்கம்போல் தன் வேண்டுதலைத் தொடங்கினார். இருக்கிற கைக்கு நன்றி என்றார். நானும் அருள்சாமியும் ஆமென் என்றோம்.

"கெணத்துத் தண்ணிக்கு நன்றி" என்றார்.

"ஆமென்" என்றேன்.

அருள்சாமிக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். என் புருஷன் நிறுத்தினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அத்தனை வருஷமாகத் தினமும் சொல்கிற அடுத்த ஜெபம் அவருக்கு மறந்துவிட்டது. நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.